மதுவில்லாத டிராமிசு: ஓர் இனிப்பின் வரலாறும் நம் மலைக் காப்பியும்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், பெரியகுளம் என மலையடிவாரத்தில் அமைந்த நம் ஊர்களில் விருந்து என்றால் நெய்ச்சோறு, தால்ச்சா, இறைச்சி, பிறகு ஒரு கிண்ணம் இனிப்பு என்பதே பழைய வழக்கம். அந்த வழக்கம் மறைந்துவிடவில்லை. அதன் அருகே வேறொன்றும் வந்து அமர்ந்திருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் சென்று திரும்பும் பிள்ளைகள், விடுமுறை நாளொன்றில் அடுக்களையைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, "இன்று இத்தாலி விருந்து" என்று அறிவிக்கிறார்கள். பாஸ்தாவும் பூண்டு ரொட்டியும் எவ்வித விசாரணையும் இன்றி மேசைக்கு வந்துவிடுகின்றன. டிராமிசு என்னும் இனிப்பின் முறை வரும்போதுதான் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "அதில் மது ஊற்றுவார்களாமே, நாம் அதை உண்ணலாமா?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு நம்மிடையே சொல்லப்படும் இரண்டு விடைகளும் எமக்கு நிறைவளிப்பதில்லை. "ஒரு கரண்டிதானே, சமைக்கும்போது ஆவியாகிவிடும்" என்பது ஒரு விடை. டிராமிசு அடுப்பில் ஏறும் பண்டமே அன்று. காப்பியில் நனைத்த பிஸ்கட்டை அடுக்கிக் குளிரவைப்பது. அதில் ஊற்றிய மது ஊற்றியபடியே இருக்கும். மேலும், அதில் பெரிதும் பேசப்படும் மர்சாலா, திராட்சையைப் புளிக்கவைத்து வடித்த மது. போதைப் பொருள்கள் பற்றிய சில நுணுக்கங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. திராட்சை மதுவைப் பற்றி நால்வர் மத்ஹபிலும் வேறுபாடு கிடையாது. "அது நமக்கு வேண்டாம், விட்டுவிடு" என்பது மற்றொரு விடை. அந்தப் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவ்விடை, மது என்பது அந்த இனிப்பின் பிரிக்க முடியாத உறுப்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது எம் பணியன்று, அது ஆலிம்களுக்கு உரியது. இங்கு நாம் பார்ப்பது வரலாற்றை மட்டுமே.

டிராமிசு பழமையான பண்டம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நம் பெற்றோரின் தலைமுறையைச் சேர்ந்தது. வட இத்தாலியில், வெனிஸ் நகருக்கு அருகிலுள்ள திரெவீசோ என்னும் ஊரில் 'லெ பெக்கெரியே' என்றோர் உணவகம். அதை நடத்திய அதோ கம்பெயோல், அவர் மனைவி அல்பா, அங்கு இனிப்புக் கலைஞராயிருந்த ரொபெர்தோ லிங்குவனோத்தோ ஆகியோரின் கைவண்ணமாக இது உருவாகி, 1972 வாக்கில் அவ்வுணவகத்தின் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வட்டார வழக்கில் அதன் பெயருக்கு 'என்னைத் தூக்கி நிறுத்து' என்பது பொருள். 2010ஆம் ஆண்டு இத்தாலியச் சமையற்கலைக் கழகத்தின் திரெவீசோ கிளை, இதன் செய்முறையை நோட்டரி முன்னிலையில் பதிவு செய்தது. பன்னிரண்டு முட்டை மஞ்சள் கரு, அரைக் கிலோ சீனி, ஒரு கிலோ மஸ்கார்போனே, அறுபது சவோயார்தி பிஸ்கட், தேவைக்கேற்பக் காப்பி, தேவைக்கேற்பக் கொக்கோத் தூள். அவ்வளவே. மது என்ற சொல் அதில் எங்கும் இல்லை. குழந்தைகளும் முதியவர்களும் உண்ண வேண்டிய பண்டம் என்பதால் மது சேர்க்கப்படவில்லை என்பது அவ்வுணவகத்தார் கூறிவந்த காரணம்.

அண்டை மாநிலமான ஃப்ரியூலி இந்தப் பெருமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொல்மேட்சோ என்னும் மலையூரின் விடுதியொன்றில் 1950களிலேயே இது பரிமாறப்பட்டது என்பது அவர்கள் வாதம். 2017இல் இத்தாலிய அரசு மரபு உணவுகளின் பட்டியலில் டிராமிசுவை ஃப்ரியூலியின் பெயரில் சேர்த்தபோது, திரெவீசோவை உள்ளடக்கிய வெனெத்தோ மாநிலம் கொதித்தெழுந்தது. ஒரு கிண்ணம் இனிப்புக்காக இரண்டு மாநில அரசுகள் மோதிக்கொண்டன. அல்வாவுக்கும் பால்கோவாவுக்கும் ஊர்ப் பெயர் சூட்டிப் பெருமை பேசும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க இயலாது.

திரெவீசோவின் கதையில் நமக்கு மிக அணுக்கமாகத் தோன்றும் இடம் வேறு. அவ்வட்டாரத்தில் முட்டையின் மஞ்சள் கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, உடல் தளர்ந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் ஊட்டும் வழக்கம் இருந்தது. அல்பாவுக்கு மகப்பேற்றுக்குப் பின் அவ்வாறு ஊட்டப்பட்ட கலவையிலிருந்தே இவ்வினிப்பின் எண்ணம் பிறந்தது என்று அக்குடும்பத்தார் சொல்வதுண்டு. நம் வீடுகளில் நன்னிமார் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயோடு சேர்த்துக் கொடுத்தது இதே அறிவின் அடிப்படையில்தான். முட்டையும் இனிப்பும் சேர்வது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் கலந்து அவித்த வட்டலப்பம், ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த தம்ரூட் ஆகியவற்றை அறிந்த நாவுக்கு டிராமிசுவில் அந்நியமாக என்ன இருக்கிறது? மாட்டெலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுக்கும் ஜெலட்டினை அறியாமலேயே, கடல்பாசியைக் காய்ச்சி உறையவைத்து நோன்பு திறக்கும் வேளையில் பரிமாறிய அடுக்களைகள் நம்முடையவை.

அப்படியானால் மது எங்கிருந்து வந்தது? மஞ்சள் கருவையும் சீனியையும் மதுவோடு சேர்த்து அடிக்கும் 'ட்சபயோனே' என்ற பழைய இத்தாலியப் பண்டம் ஒன்று உண்டு. அதற்கு வழக்கமாக ஊற்றப்படுவது சிசிலித் தீவின் மர்சாலா. டிராமிசு தன் ஊரை விட்டு வெளியேறி உலகின் உணவகங்களுக்குப் பரவியபோது, பலரும் அப்பழைய பண்டத்தின் முறையை இதிலும் புகுத்தினர். வேறு சிலர் ரம்மையும் காப்பி மதுவையும் ஊற்றினர். பிற்சேர்க்கை காலப்போக்கில் மூலம் போலத் தோற்றம் கொண்டது.

மர்சாலா என்ற பெயரிடத்தில் சற்று நிற்க வேண்டும். அது மதுவின் பெயராவதற்கு முன் ஒரு துறைமுகத்தின் பெயர். அதுவும் அரபுப் பெயர். 'மர்ஸா' என்றால் கப்பல் நங்கூரமிடும் துறை. 'மர்ஸா அலீ' என்பதே மருவியது என்பர் ஒரு சாரார். 'மர்ஸா அல்லாஹ்', அல்லாஹ்வின் துறைமுகம் என்பர் மற்றொரு சாரார். 827ஆம் ஆண்டு சிசிலியின் மஸாராவில் முஸ்லிம் படைகள் இறங்கின. 831இல் பலெர்மோ அவர்கள் வசமானது. 973 வாக்கில் அங்குச் சென்ற பயணி இப்னு ஹவ்கல், பலெர்மோவின் பள்ளிவாசல்களின் பெருந்தொகையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். 1091க்குள் தீவு முழுவதும் நார்மானியர் கைக்குப் போயிற்று. அதன் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முஸ்லிம்கள் அங்கு வாழ்ந்தனர். அல்இத்ரீஸி நார்மானிய மன்னன் இரண்டாம் ரோஜருக்காகத் தம் புகழ்பெற்ற புவியியல் நூலை முடித்தது 1154இல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேரரசன் இரண்டாம் பிரெடெரிக், எஞ்சிய முஸ்லிம்களை இத்தாலிய நிலப்பகுதியின் லூச்சேராவுக்குப் பெயர்த்துக் குடியேற்றினான். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1773இல், ஜான் வுட்ஹவுஸ் என்னும் ஆங்கில வணிகர் அவ்வூர்த் திராட்சை மதுவில் கூடுதலாகச் சாராயம் கலந்து, கடற்பயணத்தில் கெடாதவாறு செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கினார். துறைமுகத்துக்குப் பெயர் வைத்த மக்கள் அங்கு இல்லை. பெயர் மட்டும் பீப்பாயில் ஏறி உலகைச் சுற்றியது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் செய்யும் ஒன்றை நாம் செய்யப் போவதில்லை. 'இத்தாலி உணவெல்லாம் முஸ்லிம்கள் கொடுத்தது' என்று மார்தட்டும் கட்டுரைகள் இப்போது மலிந்துவிட்டன. கரும்புச் சாகுபடி சிசிலியில் வேரூன்றியது முஸ்லிம் ஆட்சியில் என்பது உண்மை. இத்தாலியரின் 'ட்சுக்கெரோ' அரபின் 'சுக்கர்' என்பதும், அது பாரசீகத்தின் 'ஷக்கர்' வழியாக வடமொழியின் 'சர்க்கரா'வைத் தொடுகிறது என்பதும் உண்மை. வைகைப் பாசனத்தில் கரும்பு வெட்டும் நம் உழவர் 'சர்க்கரை' என்று சொல்லும்போது அதே சொல்லின் உறவைத்தான் உச்சரிக்கிறார். ஆனால் டிராமிசு திரெவீசோ மக்களின் ஆக்கம். அதை அவர்களிடமிருந்து பறித்து நமக்குச் சூட்டிக்கொள்ள வேண்டிய தேவை ஏதுமில்லை.

ஆனால் காப்பியின் கதை அவ்வாறானதன்று. அது மெய்யாகவே நம் முன்னோர் வழியே வந்தது. டிராமிசுவின் உயிர்நாடி காப்பி. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது இனித்த பாலாடை மட்டுமே. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபிகள், இரவில் விழித்திருந்து திக்ரு செய்வதற்குத் துணையாக இப்பானத்தை அருந்தினர். அவர்கள் வழியே அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. பரவிய வேகத்திலேயே எதிர்ப்பும் எழுந்தது. எதிர்ப்பின் காரணங்களுள் ஒன்று அதன் பெயர். 'கஹ்வா' என்ற அரபுச் சொல் அதற்கு முன்னரே மதுவுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. மதுவின் பெயரைத் தாங்கிய கறுப்புப் பானம். இரவில் கூடியிருந்து, கிண்ணத்தைக் கைக்குக் கை மாற்றி அருந்துகிறார்கள். இது ஆகுமானதாக எப்படி இருக்க முடியும்?

1511ஆம் ஆண்டு மக்காவில் மம்லூக் அரசின் சந்தைக் கண்காணிப்பாளராயிருந்த காயிர் பேக், சட்ட அறிஞர்களின் சபை ஒன்றைக் கூட்டினார். மருத்துவர்கள் அழைக்கப்பட்டு, காப்பி உடலுக்குக் கேடு என்று சான்று கூறினர். தடை விதிக்கப்பட்டது, காப்பி வீதியில் கொளுத்தப்பட்டது. ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை, ஒழுக்கக்கேடான கூட்டங்களைத் தடுத்ததேயன்றிப் பானத்தை முற்றாக விலக்கவில்லை. சில பத்தாண்டுகள் கழித்து அப்துல் காதிர் அல்ஜஸீரி என்னும் அறிஞர், காப்பி ஆகுமானதே என்று நிறுவத் தனியொரு நூலே எழுதினார். அன்று விவாதத்தின் மையமாக இருந்த கேள்வி நமக்கு நன்கு தெரிந்தது. இது அறிவை மயக்குகிறதா? காப்பி அறிவை மயக்கவில்லை, விழிக்கவைக்கிறது என்பதே நிலைபெற்ற விடை. பெயர் மதுவின் பெயராயிருந்தும், பொருள் வேறு என்று பிரித்தறிந்தனர் அக்கால அறிஞர்கள். டிராமிசுவின் முன் நிற்கும் நமக்கும் அதே வேலைதான் காத்திருக்கிறது: பண்டத்தின் பெயரைக் கேட்டு அஞ்சாமலும் மயங்காமலும், கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

யமனின் அல்மகா துறைமுகத்திலிருந்து காப்பி இரண்டு திசைகளில் பிரிந்தது. ஒன்று வெனிஸ் நோக்கி. 1585இல் கான்ஸ்டாண்டிநோபிளில் வெனிஸின் தூதராயிருந்த மொரோசினி, துருக்கியர் கொதிக்கக் கொதிக்க அருந்தும் கறுப்பு நீரைப் பற்றித் தம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். வெனெத்தோவின் மரோஸ்திகாவில் பிறந்து, எகிப்தில் மருத்துவராகப் பணியாற்றிய புரோஸ்பெரோ அல்பீனி, 1592இல் வெளியிட்ட தாவர நூலில் காப்பிச் செடியை விவரித்தார். 1720இல் வெனிஸின் புனித மாற்கு சதுக்கத்தில் திறக்கப்பட்ட ஃபுளோரியன் காப்பிக் கடை இன்றும் நடக்கிறது. டிராமிசு பிறந்த நாட்டுப்புறம் ஐரோப்பாவில் காப்பியை முன்னதாக அறிந்த நாட்டுப்புறம் என்பது தற்செயலன்று. 1933இல் அல்ஃபோன்சோ பியாலெத்தி உருவாக்கிய, இன்று இத்தாலிய அடுக்களைதோறும் இருக்கும் அலுமினியக் காப்பிப் பாத்திரத்துக்கு 'மோக்கா' என்று பெயர். அல்மகாதான் அது.

மற்றொரு திசை நம்மை நோக்கி. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் சூஃபி, பதினேழாம் நூற்றாண்டில் யமனிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அம்மலை இன்றும் பாபா புதன் கிரி என்றே அழைக்கப்படுகிறது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் காப்பித் தோட்டங்கள் மேற்கு மலைத்தொடரெங்கும் விரிந்தன. போடிக்கு மேலே குரங்கணி, கொட்டகுடிப் பகுதிகளிலும், அகமலையிலும், மேகமலையிலும் நிழல் மரங்களின் அடியில் காப்பிச் செடிகள் இன்றும் நிற்கின்றன. தமிழர் காப்பியை எளிதாக ஏற்றுவிடவில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீராகாரத்தை விரட்டிய அந்நியப் பானம் என்று அதைக் கண்டித்தவர்கள் இங்கும் இருந்தனர். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலின் தலைப்பே அதைச் சொல்லும். இன்று காப்பியை அந்நியம் என்று யார் சொல்வார்?

போடியைப் பற்றிப் பேசும்போது ஏலக்காயை விட்டுவிட முடியாது. இடுக்கி மலைகளில் விளையும் ஏலம் இறங்கி வந்து தரம் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்படும் ஊர் அது. அங்கிருந்து புறப்படும் காய்களில் ஒரு பகுதி அரபு நாடுகளுக்குப் போகிறது. அங்குள்ள மஜ்லிஸ்களில் விருந்தாளிக்கு முதலில் நீட்டப்படும் கஹ்வாவில் ஏலக்காய் இன்றியமையாதது. அந்தக் காப்பி உபசாரத்தை யுனெஸ்கோ 2015இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. யமன் நமக்குக் காப்பிக் கொட்டையைத் தந்தது. நாம் அரபுக் காப்பிக்கு வாசனையைத் தருகிறோம். வளைகுடாவில் உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சிறு கிண்ணத்தை வாங்கும்போது சொந்த மலையைத்தான் முகர்கிறார்கள்.

இனி அடுக்களை. திரெவீசோவின் பதிவை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும்: மூன்று மஞ்சள் கரு, 125 கிராம் சீனி, 250 கிராம் மஸ்கார்போனே, பதினைந்து பிஸ்கட், ஒரு டம்ளர் கெட்டியான காப்பி. மஸ்கார்போனே கம்பம் கடைத்தெருவில் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். கொழுப்பு மிகுந்த கிரீமை மெல்லிய தீயில் 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுக் கிளறி, கெட்டியானதும் ஆறவைத்துத் துணியில் வடிகட்டி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் அதுதான் மஸ்கார்போனே. பல பாலாடைக்கட்டிகளை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கப்படுவதால், அறுப்பு முறை பற்றிய கேள்வி எழும். புளிப்பினால் திரளும் மஸ்கார்போனேயில் அக்கேள்விக்கே இடமில்லை.

மூல முறையில் முட்டை பச்சையாகவே சேர்க்கப்படும். நம் வெயிலுக்கு அது பொருந்தாது. கருவுற்ற பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் உண்ணும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, மஞ்சள் கருவையும் சீனியையும் கைவிடாமல் அடித்து, 70 பாகையைத் தாண்டிக் கெட்டியாகும் வரை சூடேற்றி ஆறவைத்த பிறகே மஸ்கார்போனேயுடன் கலக்க வேண்டும். சவோயார்தி கிடைக்காத இடத்தில், அடுமனையின் சாதாரண ஸ்பாஞ்ச் கேக்கை விரல் அகலத்துக்கு வெட்டி, மெல்லிய சூட்டில் மொறுமொறுப்பாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம். ரஸ்க் உதவும் என்பாரும் உளர். அதன் ஏலக்காயும் உப்பும் வேறொரு சுவைக்கு இழுத்துச் செல்வதால் நாம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காப்பிக்கு நம் பித்தளை ஃபில்டரே போதும். சிக்கரி கலக்காத தூளில் இறக்கிய முதல் டிகாக்‌ஷன், சீனியின்றி, நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்கட்டை அதில் முக்கிய மாத்திரத்தில் எடுத்துவிட வேண்டும், ஊறினால் களியாகிவிடும். மதுவுக்கு ஈடாகத் திராட்சைச் சாற்றை ஊற்றச் சொல்லும் குறிப்புகளையும் காண்கிறோம். காமயகவுண்டன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் விளைந்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையை அவ்வாறு வீணாக்க எமக்கு மனமில்லை. இல்லாத ஒன்றுக்கு ஈடு எதற்கு? மணம் வேண்டுமெனில் போடி ஏலக்காய் இரண்டைத் தட்டி டிகாக்‌ஷனில் போட்டு வடிகட்டலாம். அதைக் கிரீமில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பாயச வாசனை வந்துவிடும்.

நனைத்த பிஸ்கட் ஓர் அடுக்கு, கிரீம் ஓர் அடுக்கு, மீண்டும் அவ்வாறே. கொக்கோத் தூளை, அதுவும் இனிப்பில்லாத கசப்புத் தூளை, பரிமாறும் வேளையில்தான் மேலே சலிக்க வேண்டும். குமுளி ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் இடுக்கியில் கொக்கோ மரங்கள்தாம். ஆயினும் கடையில் வாங்கும் தூளின் உறையைப் படித்துப் பார்ப்பது நல்லது. அவ்வாறே வனிலா எசென்ஸ், ரம் எசென்ஸ் போன்ற புட்டிகளின் பின்புறத்தையும் படியுங்கள். சில வனிலா வடிநீர்களில் ஆல்கஹால் கணிசமாக இருக்கும். அது பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரெவீசோ பதிவில் அவை எதுவும் இல்லை என்பதால் இச்சிக்கலைத் தவிர்ப்பது எளிது. வெளியே உணவகத்தில் உண்ணும்போது மட்டும், பட்டியலில் எழுதியிருப்பதை நம்பாமல், காப்பியில் என்ன கலந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

வியாழன் இரவு செய்து குளிர்பெட்டியில் மூடி வைத்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில் பதமாக இருக்கும். பன்னீர் திராட்சைக் கொத்து ஒன்றைக் கழுவித் தட்டின் ஓரத்தில் வையுங்கள்.